பெயர்த்து நட்ட வீடுகள்

இரண்டாம் ஆண்டு மாணவன், அமைப்பியல் துறை



போன வருஷம் நம் துறையில் சென்னைக்கு 'இன்டஸ்ட்ரியல் விசிட்' போனோமே, ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலை. மறுநாள் மாமல்லபுரம் என்று எல்லோரும் ஆவலாகப் பஸ் ஏறினோம். ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு தாண்டியதும் சார் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டார். "இறங்குங்கடா, இங்க ரெண்டு மணி நேரம்" என்றார். போர்டில் 'தட்சிணசித்ரா' என்று எழுதியிருந்தது. உள்ளே பழைய வீடுகள். "பழைய வீட்டப் பாக்கவா சார் இவ்வளவு தூரம் வந்தோம்? அதுதான் எங்க ஊர்ல தெருத் தெருவா கெடக்கே!" என்று பின் சீட்டிலிருந்து ஒரு குரல் கேட்டது. அந்தக் குரல் அடியேனுடையதுதான். இந்தக் கட்டுரையை எழுதுவதே அதற்குப் பிராயச்சித்தமாகத்தான்.

உள்ளே போய்ச் சுற்றிக்கொண்டு வந்தோம். செட்டிநாட்டு வீடு, காஞ்சிபுரத்து நெசவாளர் வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு, ஆந்திரக் கடற்கரையின் வட்டக் குடிசை என்று வரிசையாக இருந்தன. ஒரு தெருவுக்குள் திரும்பினால் திண்ணை வைத்த அக்ரகாரத்து வீடு. முன்னால் இருந்த பலகையைப் படித்த நண்பன் கத்தினான்: "ஏல, இங்க வாங்கல! இது நம்ம ஊரு வீடுல!"

உண்மைதான். அது திருநெல்வேலிப் பக்கம் ஆம்பூரிலிருந்து வந்த வீடு. நாங்கள் அறுநூறு கிலோமீட்டருக்கு மேல் பஸ்ஸில் வந்து பார்த்தது நம் சீமை வீட்டைத்தான்!

உள்ளே நுழைந்தேன். திண்ணை, அதைத் தாண்டி இருட்டான நடை, பிறகு வெளிச்சமான கூடம், அதற்கப்பால் அடுக்களை, பின்கட்டு. கண்ணை மூடிக்கொண்டு நடந்தாலும் இடித்துக்கொள்ளாமல் நடந்திருப்பேன். ஏனென்றால் அதே வரிசையில் கட்டப்பட்ட ஒரு வீட்டில்தான் நான் பிறந்து வளர்ந்தேன். அவர்கள் ரேழி என்பதை நாங்கள் நடை என்போம். அவர்கள் கூடம் என்பது எங்களுக்குப் பட்டாசல். திண்ணையை எங்கள் ஆச்சி 'திருணை' என்பாள். பேர்தான் வேறே தவிர வீடு ஒன்றேதான்.

ஒரே ஒரு வித்தியாசம். அந்த வீடு முட்டுக்காட்டில் நிற்கிறது. எங்கள் வீடு இப்போது இல்லை. 2024ஆம் வருஷம் தை மாசம் நாங்களே இடித்துவிட்டோம். கடப்பாரையை முதலில் கையில் எடுத்தவர்களில் நானும் ஒருவன்.

திறந்தவெளி அருங்காட்சியகம் என்றால் என்ன?

மியூசியம் என்றதும் நமக்குக் கண்ணாடிப் பெட்டியும் 'தொடாதே' என்ற அட்டையும்தான் நினைவுக்கு வரும். பெட்டிக்குள் வாளை வைக்கலாம், காசை வைக்கலாம். வீட்டை வைக்க முடியுமா? தெருவை வைக்க முடியுமா? இந்தக் கேள்விக்கு விடை கண்டவர் ஸ்வீடன் நாட்டு ஆர்தர் ஹசேலியஸ் என்பவர். ஆலைகளும் ரயிலும் வந்து கிராமங்கள் மாறிக்கொண்டிருந்த காலத்தில், நாட்டின் பல பகுதிகளிலிருந்து பழைய வீடுகளைப் பெயர்த்துக் கொண்டுவந்து ஸ்டாக்ஹோம் நகரில் ஒரு குன்றின்மேல் நிறுத்தினார். 1891இல் திறக்கப்பட்ட அந்த இடத்தின் பெயர் ஸ்கான்சென். உலகத்துத் திறந்தவெளி அருங்காட்சியகங்களுக்கெல்லாம் அதுவே வழிகாட்டி.

நம் நாட்டில் போபாலில் உள்ள இந்திரா காந்தி தேசிய மானுட அருங்காட்சியகத்தில் பழங்குடி மக்களின் வீடுகளை அந்தந்த மக்களே வந்து கட்டித் தந்திருக்கிறார்கள். தென்னிந்தியாவுக்கு என்று அமைந்ததுதான் தட்சிணசித்ரா. டெபோரா தியாகராஜன் என்ற அம்மையார் முயற்சியில் 1984இல் 'மெட்ராஸ் கிராஃப்ட் ஃபவுண்டேஷன்' தொடங்கப்பட்டது. 1996 டிசம்பர் 14ஆம் தேதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. சிக்கனக் கட்டடக் கலைக்குப் பெயர்போன லாரி பேக்கர் ஆரம்ப வடிவத்தைத் தந்தார். அவர் வழியில் வந்த பென்னி குரியாக்கோஸ் அதைக் கட்டி முடித்தார். பத்து ஏக்கர் நிலத்தில் தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம் என்று நான்கு பக்கத்து வீடுகளும் நிற்கின்றன. வீடு மட்டுமல்ல, குயவர் சக்கரம் சுற்றுகிறது, தறி ஓடுகிறது. நாமும் உட்கார்ந்து மண்ணைத் தொட்டுப் பார்க்கலாம்.

இதில் நான் கவனித்த ஒரு விஷயம். பெரிய வீட்டுக்காரர்களின் வீடுகளோடு குயவர் வீடும் கூடை முடைபவர் வீடும் அங்கே இருக்கின்றன. இது சாதாரணமாகத் தோன்றலாம். ஆனால் மண் சுவரும் ஓலைக் கூரையுமாக உள்ள வீட்டில் பெயர்த்துக் கொண்டுபோக என்ன இருக்கிறது? தேக்குத் தூண் உள்ளவன் வீடு விலைக்குப் போகிறது, ஓலை வீடு மழையில் கரைந்து போகிறது. அப்படி விட்டிருந்தால் நாளைய பிள்ளைகள் நம் முன்னோர் எல்லோருமே மச்சு வீட்டில் வாழ்ந்ததாக நினைத்துக்கொள்வார்கள் அல்லவா?

ஒரு வீட்டை எப்படிப் பெயர்த்து நடுவது?

நாற்றங்காலில் இருக்கிற நாற்றைப் பறித்து வயலில் நடுகிறோம். வேர் அறுந்தால் பயிர் பிழைக்காது. வீடும் அப்படித்தான். அதன் வேர் எது? நம் பாஷையில் சொன்னால் 'டிராயிங்'.

முதல் வேலை அளவெடுப்பது. பிளான், எலிவேஷன், செக்‌ஷன் மூன்றும் வரைய வேண்டும். நாம் முதல் வருஷம் வேண்டாவெறுப்பாகப் போட்டோமே, அதே மூன்றுதான். ஒவ்வொரு மூலைக்கும் குறுக்கு அளவு எடுக்க வேண்டும், ஏனென்றால் பழைய வீட்டில் எந்த அறையும் சரியான செவ்வகமாக இருக்காது. பிறகு ஒவ்வொரு பக்கத்தையும் போட்டோ எடுப்பது.

இரண்டாவது வேலை எண் போடுவது. தூண், போதிகை, உத்தரம், நிலை, கதவு, படிக்கல் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். அதே எண்ணை டிராயிங்கிலும் குறிக்க வேண்டும். எண் மாறினால் கதை கந்தல். பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கும் நாலு தூணும் உண்மையில் ஒரே மாதிரி இருப்பதில்லை. ஆசாரி ஒவ்வொரு கழுந்தையும் அதனதன் துளைக்கு ஏற்றபடி செதுக்கியிருப்பார். ஒன்றின் கழுந்து இன்னொன்றின் துளையில் உட்காராது.

மூன்றாவது வேலை பிரிப்பது. கட்டும்போது கீழிருந்து மேலே போகிறோம், பிரிக்கும்போது மேலிருந்து கீழே வர வேண்டும். ஓடு, கூரை மரம், உத்தரம், தூண், கடைசியில் படிக்கல். பழைய மர வேலையில் இரும்பு ஆணி குறைவு. கழுந்தும் துளையும் மர ஆணியும்தான் பிணைப்பு. மர ஆணியைத் தட்டி எடுத்தால் இணைப்பு விட்டுக்கொடுத்துவிடும், மரம் சேதமாகாது. இரும்பு ஆணியும் சிமெண்டும் போட்ட இன்றைய வேலையை இப்படிப் பிரிக்க முடியுமா, நீங்களே சொல்லுங்கள்.

நான்காவது, திரும்ப நிறுத்துவது. மரமும் கல்லும் லாரியில் வரும். சுவர் வராது. அதைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும், அதுவும் பழைய முறையில். இங்கேதான் கைத்தொழிலாளியின் தேவை வருகிறது. தட்சிணசித்ராவில் வீடுகளைத் திரும்பக் கட்ட அந்தந்தப் பக்கத்துக் கைவினைஞர்களையே வரவழைத்தார்கள். வீட்டைக் காப்பாற்றப் போய் அதைக் கட்டத் தெரிந்த கையையும் காப்பாற்றியது இந்த வேலையின் பெரிய லாபம். கை தெரியாவிட்டால் எண் போட்ட மரங்கள் வெறும் விறகுதான்.

எங்கள் வீடு ஏன் விழுந்தது?

எங்கள் ஊர் ஸ்ரீவைகுண்டம் பக்கம் ஆற்றங்கரைக் கிராமம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை மறக்க முடியுமா? காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர்! தாமிரபரணி கரை புரண்டு எங்கள் தெருவுக்குள் வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் இரண்டு நாள் நின்றது. ஆச்சியைத் தூக்கிக்கொண்டு மேலத்தெரு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். தண்ணீர் வடிந்து வந்து பார்த்தால் பட்டாசலின் வடக்குச் சுவர் வயிறு தள்ளி நின்றது. என்ஜினீயர் ஒருவரைக் கூட்டி வந்து காட்டினோம். "இனி ஆள் இருக்கக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

எல்லோரும் "பழைய வீடு, அதான் போச்சு" என்றார்கள். நானும் அப்படித்தான் நம்பினேன். இந்தப் படிப்புக்கு வந்த பிறகு, கொஞ்சம் கொஞ்சமாக விஷயம் புரிந்தது.

அந்த வீட்டுச் சுவர் பச்சைச் செங்கலும் மண்ணும். வெளியே சுண்ணாம்புப் பூச்சு. சுண்ணாம்பு எப்படி இறுகுகிறது என்று பாடத்தில் படித்திருக்கிறோம். சுண்ணாம்புக் கல்லைச் சுட்டால் கரியமிலவாயு வெளியே போய்விடுகிறது. நீற்றிப் பூசிய பிறகு காற்றிலிருந்து அதே வாயுவை மெல்ல மெல்ல உறிஞ்சித் திரும்பவும் கல்லாகிறது. கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் சேர்த்தார்கள் என்றால் அது மூடநம்பிக்கை அல்ல. இனிப்பு சேர்ந்த தண்ணீரில் சுண்ணாம்பு கூடுதலாகக் கரையும், பூச்சு நன்றாகப் பிடிக்கும். இப்படி அமைந்த பூச்சுக்கு ஒரு பெரிய குணம் உண்டு. அது ஈரத்தை உள்ளே பூட்டி வைக்காது. சுவர் நனைந்தால் வெயிலில் காய்ந்துவிடும்.

ஆனால் பத்து வருஷத்துக்கு முன்னால் சித்தப்பா, "சும்மா சும்மா சுண்ணாம்பு உதிருது, ஒரேயடியா சிமெண்ட் பூசிருவோம்" என்று சொல்லி, வெளிச்சுவர் முழுக்கச் சிமெண்ட் பூசினார். பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் தரையிலிருந்து ஏறிய ஈரம் வெளியேற வழியில்லாமல் மண் சுவருக்குள்ளேயே தங்கியது. வருஷக்கணக்கில் ஊறிக் கிடந்த சுவர்மேல் வெள்ளமும் வந்து நின்றது. எதிர்வீடும் எங்கள் வீட்டு வயசுதான், அதே வெள்ளம்தான். சுண்ணாம்புப் பூச்சை மாற்றாத அந்த வீடு விரிசலோடு தப்பித்து நின்றது. வெள்ளத்தின் பங்கு பெரிதுதான், மறுக்கவில்லை. ஆனால் பழுது பார்க்கிறோம் என்று நாங்கள் செய்ததும் சேர்ந்துதான் வீட்டைச் சாய்த்தது. சித்தப்பாவைக் குற்றம் சொல்ல மாட்டேன். அன்றைக்குச் சொல்ல எங்கள் ஊரில் யாருக்குத் தெரிந்திருந்தது?

இடிக்கும்போது நாலு தேக்குத் தூண், இரண்டு நிலை, மட்டப்பா தாங்கிய கட்டைகள் எல்லாம் பழைய மரக்கடைக்காரர் ஒருவருக்குப் போயின. புது வீட்டுக்கு அஸ்திவாரம் போட அந்தப் பணம் வேண்டியிருந்தது. ஒரு போட்டோ? ஓர் அளவு? ஒன்றும் எடுக்கவில்லை. கையில் செல்போன் இருந்தும் எடுக்கவில்லை. தூணின் மேல்முனையில் உளியால் கொத்திய சிறு கோடுகள் இருந்தன, ஒன்றில் ஒன்று, ஒன்றில் இரண்டு, ஒன்றில் மூன்று. 'என்னமோ கீறல்' என்று நினைத்தேன். அவை ஆசாரி போட்டு வைத்த எண்கள் என்பது முட்டுக்காட்டில், எண் போடும் முறையைச் சார் விளக்கியபோதுதான் உறைத்தது. எங்கள் வீட்டைக் கட்டியவர் அதைப் பிரித்துச் சேர்க்கவும் வழி எழுதி வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார். படிக்கத்தான் எங்களுக்குத் தெரியவில்லை.

இருந்த இடத்திலேயே ஓர் அருங்காட்சியகம்

பெயர்த்து நடுவது ஒரு வழி. இருந்த இடத்திலேயே காப்பது இன்னொரு வழி. அதற்கு உதாரணம் தேடி ஸ்வீடன் போக வேண்டாம், எங்கள் ஊரிலிருந்து சைக்கிள் மிதிக்கிற தூரம்தான்: ஆதிச்சநல்லூர்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் போகிற சாலையில் ஆற்றின் தென்கரையில் உள்ள பரம்பு அது. 114 ஏக்கர். மண்ணுக்குள் முதுமக்கள் தாழிகள். 1876இல் ஜெர்மனியிலிருந்து ஜாகோர் என்பவர் வந்து தோண்டி, கிடைத்ததைப் பெர்லினுக்கு எடுத்துப் போனார். பிறகு 1899 தொடங்கிச் சில ஆண்டுகள் அலெக்சாண்டர் ரியா தோண்டினார். பொன் நெற்றிப்பட்டங்கள், வெண்கலப் பாத்திரங்கள், இரும்பு ஆயுதங்கள் எல்லாம் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குப் போயின. ஒரு நூற்றாண்டு கழித்து 2004-05இல் சத்தியமூர்த்தி தலைமையில் மத்தியத் தொல்லியல் துறையும், 2020இல் மாநிலத் தொல்லியல் துறையும், 2021இலிருந்து மறுபடி மத்தியத் துறையும் தோண்டின.

முன்பெல்லாம் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் ஆதிச்சநல்லூருக்குப் போனால் பார்க்க ஒன்றும் இருக்காது. ஒரு போர்டும் வெறும் பொட்டலும்தான். பொருள் எல்லாம் பெர்லினிலும் சென்னையிலும். 2023 ஆகஸ்ட் 5ஆம் தேதி அந்த நிலை மாறியது. தோண்டிய குழிகளை மூடிவிடாமல், மேலே கண்ணாடித் தளம் அமைத்து, தாழிகளைக் கிடந்த கிடையிலேயே காட்டுகிற அமைப்பைத் திறந்தார்கள். கண்ணாடிமேல் நின்று காலடியில் பார்க்கலாம். தாழி எந்த ஆழத்தில், எந்த மண்ணடுக்கில், எதன் பக்கத்தில் இருந்தது என்பது எடுத்துப் போன தாழியில் தெரியாது, குழியில்தான் தெரியும். ஒரு செக்‌ஷன் டிராயிங்கை நேரில் பார்க்க வேண்டுமானால் ஆதிச்சநல்லூருக்குப் போங்கள்.

இயந்திரவியல் நண்பர்களுக்கும் இங்கே பாடம் உண்டு. ஆதிச்சநல்லூர் வெண்கலப் பாத்திரங்கள் சிலவற்றை ஆராய்ந்த உலோகவியலாளர்கள் அவற்றில் ஏறத்தாழ 23 சதவீதம் வெள்ளீயம் இருப்பதைக் கண்டார்கள். இவ்வளவு வெள்ளீயம் சேர்ந்த வெண்கலம், மெல்ல ஆறவிட்டால் கண்ணாடி மாதிரி உடையும். செக்கச் சிவக்கக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே தட்டி மெலிதாக்கி, சட்டென்று தண்ணீரில் முக்க வேண்டும். நாம் ஹீட் ட்ரீட்மெண்ட் என்று படிக்கிறோமே, குவென்ச்சிங், அதேதான். பைரோமீட்டர் இல்லாத காலத்தில் இரும்பின், வெண்கலத்தின் நிறத்தைப் பார்த்தே சூடு அறிந்தார்கள்.

பக்கத்தில் சிவகளையில் தாழிக்குள் கிடைத்த நெல் கி.மு. 1155ஐச் சேர்ந்தது என்று 2021இல் அறிவித்தார்கள். அங்கே இரும்பு கிடைத்த இடத்தின் மாதிரிகளில் ஒன்றுக்கு கி.மு. 3345 வரை காலம் போவதாக 2025 ஜனவரி 23 அன்று தமிழக அரசு அறிக்கை வெளியிட்டது. இந்தப் பகுதியில் கிடைத்த பொருள்களுக்காகவே பாளையங்கோட்டையை அடுத்த ரெட்டியார்பட்டியில் பொருநை அருங்காட்சியகம் கட்டப்பட்டுள்ளது. நம் காலேஜ் பஸ்ஸில் ஒரே நாளில் மூன்று இடத்தையும் பார்த்துவிட்டு வரலாம்.

புழங்கினால்தான் பிழைக்கும்

மூன்றாவது வழி ஒன்று இருக்கிறது. அதற்கு வேலியும் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. புழக்கத்தில் வைத்திருப்பதுதான் அது.

தினமும் பாளையங்கோட்டையிலிருந்து ஜங்ஷனுக்கு ஆற்றைக் கடக்கிறோமே, அந்தச் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் திறக்கப்பட்டது. சுலோச்சன முதலியார் சொந்தப் பணத்தைக் கொடுத்தார், ஹார்ஸ்லி என்ற ஆங்கிலேயப் பொறியாளர் கட்டினார். பதினொரு வளைவுகள். வளைவு என்பது பாரத்தை அழுத்தமாக மாற்றித் தூணுக்கு அனுப்புகிற உத்தி என்று 'தியரி ஆஃப் ஸ்ட்ரக்சர்ஸ்' புத்தகத்தில் படிப்பதை அங்கே பஸ் ஜன்னல் வழியே பார்க்கலாம். அதேபோல கோடைமேலழகியான் தொடங்கி ஸ்ரீவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள். கடைசியாக உள்ள ஸ்ரீவைகுண்டம் ஆங்கிலேயர் காலத்தது. மற்ற ஏழும் அதற்கு முந்தியவை. இன்றும் நெல் விளைவது அவற்றின் தண்ணீரில்தான்.

ஆனால் கல் தாங்குகிற அளவு கை தாங்குமா? இதைத் தெரிந்துகொள்ளப் பத்தமடைக்குப் போனேன். என் வகுப்புத் தோழனின் ஊர் அது. அவன் உம்மா பாய் நெய்கிறவர்கள்.

"வாங்கத் தம்பி, இருங்க. பாயில உக்காந்துதான் பாயப் பத்திப் பேசணும்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்கள்.

ஆற்றோரமும் வாய்க்கால் ஓரமும் வளர்கிற கோரையைப் பச்சையாக அறுத்துக் கிழித்து வெயிலில் காயப்போடுகிறார்கள். பிறகு ஓடுகிற தண்ணீரில் ஒரு வாரம் போல ஊறப்போட வேண்டும். ஊறி உப்பிய கோரையை எடுத்துத் திரும்பக் காயவைத்து, நயம் பாய்க்கு வேண்டிய அளவு மெலிதாகப் பிரிக்கிறார்கள். சாயம் ஏற்றுவது அதற்குப் பிறகு. முன்பு சப்பங்கிக் கட்டையைக் கொதிக்கவைத்துச் சிவப்பு எடுத்தார்கள். தறி தரையோடு தரையாக இருக்கும். பாவு பருத்தி நூல், விலை கூடிய பாய்க்குப் பட்டு. ஊடே கோரையை ஒவ்வொன்றாக ஒரு குச்சியில் கோத்துச் செலுத்தி அச்சால் நெருக்கி அடிக்கிறார்கள். 120, 140 என்று எண்ணிக்கை சொல்வார்கள், எண் கூடக் கூடப் பாய் மெலிதாகும். துணி மாதிரி மடித்து வைக்கலாம். கல்யாணப் பாயில் மாப்பிள்ளை பெண் பேரை நெய்து கொடுப்பார்கள். 1953இல் இரண்டாம் எலிசபெத் ராணியின் முடிசூட்டு விழாவுக்கு இங்கிருந்து பாய் போனதை ஊரில் சின்னப் பிள்ளையும் சொல்லும். புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

"இவ்வளவு பேர் இருக்கே, நல்ல வருமானம் வருமே உம்மா?" என்று கேட்டேன்.

"பேருக்கு என்ன தம்பி, ஏகப்பட்டது இருக்கு. ஒரு நயம் பாய்க்கு மாசக் கணக்கில குனிஞ்சு கெடக்கணும். கணக்குப் போட்டா சித்தாள் கூலி தேறாது. எம் மவள உக்காரச் சொன்னா, 'போம்மா, நான் கம்ப்யூட்டர் படிக்கப் போறேன்'ங்கா. அவ சொல்லுததுலயும் தப்பு இல்லையே!"

தண்ணீரைப் பற்றியும் சொன்னார்கள். ஓடுகிற தெளிந்த தண்ணீர் கிடைத்தால்தான் கோரை வெளுப்பாகவும் பளபளப்பாகவும் வருமாம். சாக்கடை கலந்த தண்ணீரில் ஊறினால் கறுத்துப் போகுமாம். ஆக, பத்தமடைப் பாயைக் காப்பது என்றால் தறியைக் கண்ணாடிப் பெட்டியில் வைப்பது அல்ல. தாமிரபரணித் தண்ணீரைச் சுத்தமாக வைப்பதும், குனிந்து நெய்கிறவர்களுக்கு நியாயமான கூலி கொடுப்பதும்தான். அம்பாசமுத்திரத்து மரச் செப்புச் சாமானுக்கும், காருகுறிச்சி மண்பாண்டத்துக்கும் இதே கதைதான். அரக்கு ஏற்றிக் கடைந்த செப்பை வாங்கி விளையாட ஒரு பிள்ளை வேண்டும், பானையில் பொங்க ஒரு அடுப்பு வேண்டும்.

நாம் என்ன செய்யலாம்?

பழைய வீட்டை எல்லாம் இடிக்காதே என்று சொல்ல நான் வரவில்லை. எங்கள் ஆச்சி எண்பது வயசுக்கு மேல் முதன்முறையாக இருட்டில் புறவாசல் தாண்டிப் போகாமல் வீட்டுக்குள்ளேயே கக்கூஸ் போகிறாள், அது புது வீட்டில்தான். பங்கு பிரிக்கவும் வேண்டியிருக்கிறது, மழைக்கு ஒழுகாமலும் இருக்க வேண்டியிருக்கிறது. அந்த நியாயத்தை யாரும் மறுக்க முடியாது. எல்லா வீட்டையும் முட்டுக்காட்டுக்குக் கொண்டுபோகவும் முடியாது.

ஆனால் இடிப்பதற்கு முன்னால் அளக்கலாம் அல்லவா? இந்த விடுமுறையில் நாங்கள் நாலு பேர் ஒரு முயற்சி செய்தோம். எங்கள் தெருவில் நான் சொன்ன அந்த எதிர்வீட்டையும் இப்போது இடிக்கப் போகிறார்கள், அண்ணன் தம்பி பங்குக்காக. அந்த வீட்டு அண்ணாச்சியிடம் போய், "ரெண்டு நாள் டைம் குடுங்க அண்ணாச்சி, அளந்துக்கிடுதோம்" என்று கேட்டோம். "இதுல என்னத்தல அளக்கப் போறீய?" என்று சிரித்தார், ஆனால் சாவியைக் கொடுத்தார். முப்பது மீட்டர் டேப், தூக்குக் குண்டு, ட்யூப் லெவல், செல்போன் இவ்வளவுதான் கருவி. இரண்டு நாளில் பிளான், இரண்டு செக்‌ஷன், முன்பக்க எலிவேஷன் எல்லாம் முடித்துவிட்டோம். மட்டப்பாவில் ஒரு மூலை பெயர்ந்திருந்ததால் அதன் அடுக்குகளையும் பார்க்க முடிந்தது. தேக்குக் கட்டைமேல் மெல்லிய செங்கலைச் சாய்கோணத்தில் நெட்டுக்குத்தாக அடுக்கி, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடித்து, மேலே தட்டோடு பதித்திருந்தார்கள். புத்தகத்தில் 'மெட்ராஸ் டெரஸ்' என்று அரைப் பக்கம் போட்டிருக்கும் பாடத்தை அன்றைக்குத்தான் உண்மையாகப் படித்தேன்.

இரண்டாவது நாள் சாயங்காலம் அண்ணாச்சி வந்து டிராயிங்கைப் பார்த்தார். ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "எனக்கு ஒரு காப்பி போட்டுத் தாங்கடே" என்றார். "அந்த முன் நிலைய மட்டும் விக்காம புது வீட்டுல வச்சுக்கிடுதேன்" என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டையும் நினைவிலிருந்து வரைந்து பார்த்தேன். ஆச்சியிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, விரலை வைத்துத் திருணையில் ஏறி, நடைக்குள் நுழைந்து, பட்டாசலைக் கடந்து, அரங்கு வரைக்கும் போனாள். அங்கே விரல் நின்றுவிட்டது.

"இங்க ஒரு மாடாக்குழி இருந்துச்சேல, விளக்கு வைக்க. அத எங்க?"

நான் மறந்துவிட்டேன். பதினெட்டு வருஷம் அந்த வீட்டில் இருந்தவன் மறந்துவிட்டேன். ஆச்சி சொல்லச் சொல்லப் பென்சிலால் குறித்தேன். எவ்வளவு உயரத்தில் என்று கேட்டதற்கு, எழுந்து நின்று தன் தோளைத் தொட்டுக் காட்டினாள். டேப் எடுத்து ஆச்சியின் தோளுயரத்தை அளந்து எழுதிக்கொண்டேன். அவளுக்குக் கூன் விழுந்துவிட்டதால் அந்த அளவும் சரியாக இருக்குமா என்பது சந்தேகம்தான். இடிப்பதற்கு முன்னால் அளந்திருந்தால் இந்தச் சந்தேகமே வந்திருக்காது.

நண்பர்களே! நம் துறையில் மட்டும் ஒரு வருஷத்துக்கு அறுபது பேர் படிக்கிறோம். அறுபது பேரும் அவரவர் ஊரில் ஆளுக்கு ஒரு பழைய வீட்டை, ஒரு சாவடியை, ஒரு கல்மண்டபத்தை, ஓர் ஓலைக் குடிசையைக்கூட அளந்து வரைந்து நம் கல்லூரி நூலகத்தில் வைத்தால், பத்து வருஷத்தில் அறுநூறு வரைபடம் சேர்ந்துவிடும். அதற்கு நிலமும் வேண்டாம், கோடியும் வேண்டாம். ஸ்டோர் ரூமில் தூங்குகிற டேப்பும் தூக்குக் குண்டும் போதும். இந்த மலரைப் படித்து முடித்ததும் வீட்டுக்குப் போய், முதலில் உங்கள் ஆச்சியிடமோ உம்மாவிடமோ பாட்டியிடமோ கேளுங்கள், விளக்கு வைக்கிற மாடாக்குழி எங்கே இருந்தது என்று.